லைசன்ஸ் இருக்கிற பெட்டிங் தளத்தில் பணம் மாட்டிக்கொண்டால்

நீங்கள் கேட்டது "இந்தத் தளம் லீகலா?" என்ற ஒரே வரிதான். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் கேள்வி அதோடு நிற்கவில்லை. எட்டு மாதமாக ஒரு தளத்தில் கால்பந்துக்குப் பந்தயம் கட்டி வந்திருக்கிறீர்கள். தளத்தின் அடியில் ஏதோ ஒரு தீவின் பெயரும் லைசன்ஸ் எண்ணும் இருக்கிறது. தோற்ற மாதங்களில் எந்தத் தொந்தரவும் இல்லை. போன மாதம் பெரிய தொகை ஒன்று ஜெயித்து வித்ட்ரா போட்டதும் அடையாள அட்டை கேட்டார்கள், அப்புறம் முகவரிச் சான்று, அப்புறம் அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி, மூன்று வாரம் கழித்து இப்போது "உங்கள் நாடு எங்கள் தடைப் பட்டியலில் இருக்கிறது" என்கிறார்கள். ஆக, நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது மூன்று: அந்தப் பணம் வருமா, இதில் நீங்களே ஏதாவது வழக்கில் மாட்டிக்கொள்வீர்களா, ஜெயித்தவருக்குக் கொடுக்க இவ்வளவு இழுத்தடிக்கிற ஒரு கம்பெனி எப்படித்தான் தொழில் நடத்துகிறது.

நான் வக்கீல் இல்லை. பதினோரு வருடம் இந்தத் தொழிலுக்குள் வேலை பார்த்தேன். முதல் ஐந்து வருடம் ஆட்ஸ் (ஜெயித்தால் கட்டியது எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண்) போடும் மேசையில், அடுத்த ஆறு வருடம் வாடிக்கையாளர்கள் பணம் எடுக்கும்போது ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவில். அதனால் உள்ளே இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவனாகச் சொல்ல முடியும். சட்டத்தைப் பொறுத்தவரை, வேலைக்காகப் படித்ததையும் பல நாட்டு வக்கீல்கள் எங்களுக்கு எழுதித் தந்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். எந்த நாட்டில் இருந்து ஆடினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, பதிலில் பாதி அதைப் பொறுத்தே மாறும்.

"லீகலா" என்ற ஒரு சொல்லுக்குள் தனித்தனியாக மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன, மூன்றுக்கும் ஒரே பதில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தக் கம்பெனி நீங்கள் இருக்கும் இடத்தில் இந்தச் சேவையைக் கொடுக்க அனுமதி பெற்றதா? அங்கே பந்தயம் கட்டுவது ஆடுகிறவருக்குக் குற்றமா? ஜெயித்த பணத்தைத் தரமாட்டேன் என்றால் சட்டத்தின் துணையோடு வாங்க முடியுமா? எல்லாரும் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதையும் தளத்தின் அடியில் இருக்கிற சின்ன எழுத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். பணம் போடுவதற்கு முன் கேட்க வேண்டியது மூன்றாவது கேள்விதான் என்பது என் உறுதியான கருத்து.

முதல் கேள்வியில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. லைசன்ஸ் என்பது ஒரு அரசு தன் எல்லைக்குள் கொடுக்கும் அனுமதி, அதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கடை விரிக்க முடியாது. ஒரு காலத்தில் இது இவ்வளவு தெளிவாக இல்லை. கரீபியன் தீவான ஆன்டிகுவா 1994-லேயே இதற்குச் சட்டம் போட்டு இணையச் சூதாட்டக் கம்பெனிகளை வரவேற்றது, ஜிப்ரால்டர், மால்டா, இன்னொரு கரீபியன் தீவான குராசாவ் போன்ற இடங்களும் இதையே செய்தன. கம்பெனியின் சர்வர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பந்தயம் நடக்கிறது என்ற வாதம் ரொம்ப நாள் ஓடியது. பிரிட்டன் 2014-ல் சட்டத்தைத் திருத்தி, வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அந்த இடத்தின் லைசன்ஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டது. பல நாடுகள் இன்று அந்த வழியில்தான் போகின்றன. ஆக, குராசாவ் லைசன்ஸை வைத்துக்கொண்டு ஒரு தளம் வேறொரு நாட்டு ஆளிடம் பணம் வாங்கினால், அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அது லைசன்ஸ் இல்லாத தளம்தான்.

குராசாவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் எண்ணின் அமைப்பு அந்தப் பழைய முறையைப் போலத் தெரிகிறது. அங்கே பல வருடங்களாக நான்கே நான்கு தலைமை லைசன்ஸ்கள்தான் இருந்தன. அந்த நால்வரும் தங்களுக்குக் கீழே துணை லைசன்ஸ் கொடுத்துக்கொண்டே போனார்கள், ஒரே எண்ணின் கீழ் எத்தனையோ தளங்கள் ஓடின. வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் அது அரசிடம் போகாமல், அந்தத் தளத்திடமே கட்டணம் வாங்கும் தலைமை லைசன்ஸ்காரரிடம் போகும். 2024 டிசம்பரில் புதிய சட்டம் வந்து அந்த முறை முடிந்துவிட்டது, இப்போது அரசு அமைப்பே நேரடியாக லைசன்ஸ் கொடுக்கிறது. எனவே பழைய எண் இன்னமும் ஒரு தளத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை லைசன்ஸாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சின்னத்தைச் சொடுக்கினால் திறக்கும் பக்கத்தையும் நம்ப வேண்டாம், அந்தப் பக்கத்தையே போலியாகச் செய்து வைப்பவர்கள் உண்டு. ஒழுங்குமுறை அமைப்பின் சொந்த இணையதளத்தை நீங்களே தனியாகத் திறந்து, கம்பெனியின் பெயரும் தளத்தின் முகவரியும் இரண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முகவரியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அது வேறு தளம்.

இரண்டாவது கேள்வி, ஆடுகிறவருக்குத் தண்டனை உண்டா என்பது. இதில் நாடுகள் வெவ்வேறு வழியில் போயிருக்கின்றன. அமெரிக்கா 2006-ல் கொண்டுவந்த சட்டம் சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்காகப் பணம் வாங்கும் தொழில்களைக் குறிவைத்தது, ஆடுகிறவரை விட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவின் 2001 சட்டமும் கம்பெனியைத்தான் பிடிக்கிறது. அதன்படி ஆன்லைன் கேசினோ கூடாது, போட்டி நடந்துகொண்டிருக்கும்போது இணையத்தில் பந்தயம் வாங்கக் கூடாது, லைசன்ஸ் உள்ளவர்கள் போட்டிக்கு முன்னால் வாங்கலாம். இந்தியா 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடுவது திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்தையே ஓரம் தள்ளிவிட்டு எல்லா ஆன்லைன் பண விளையாட்டுகளையும் தடை செய்தது. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டு வருடமும் ஐம்பது லட்சமும் என்று வைத்தது. ஆடுகிறவரை அது தண்டிக்கவில்லை. சிங்கப்பூர் அப்படி இல்லை, 2022 சட்டப்படி அனுமதி இல்லாத இடத்தில் பந்தயம் கட்டுகிறவரும் குற்றவாளிதான், சிறைக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே "ஆடுகிறவனை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று பொதுவாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

ஆடுவதற்குத் தண்டனை இல்லாத நாடுகளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பணம் எப்படிப் போனது, எப்படி வந்தது என்பதுதான் அது. அனுமதி இல்லாத தளங்கள் பல நேரம் யார் யாருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்கு எண்களையோ கொடுத்து அதில் போடச் சொல்கின்றன, ஜெயித்தால் இன்னொரு அறிமுகம் இல்லாத கணக்கில் இருந்து உங்களுக்கு அனுப்புகின்றன. அந்த இன்னொரு கணக்கு ஏதாவது மோசடி வழக்கில் விசாரிக்கப்பட்டால், அதிலிருந்து பணம் பெற்ற உங்கள் கணக்கும் சேர்ந்து முடங்கும். சூதாட்டத்தில் ஒரு தவறும் செய்யாத ஆள் தன் சம்பளக் கணக்கை மீட்க மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஸ்டேட்மென்டில் வரவும் செலவும் யார் பெயரில் இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பந்தயத்தில் ஜெயித்த பணம் சட்டத்தின் பார்வையில் கடனா? பிரிட்டனில் 1845-ல் இருந்து 2007 வரை பந்தய ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை, புக்மேக்கர் (பந்தயம் வாங்குகிறவர்) கொடுக்காவிட்டால் அவர் பெயர் கெடும், அவ்வளவுதான். 2005-ல் இயற்றப்பட்ட சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அது வழக்குப் போட்டு வாங்கக்கூடிய பணமாக மாறியது. இந்தியாவில் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று இன்றும் சொல்கிறது. இப்படிப்பட்ட சட்டம் இருக்கும் நாட்டில் இருந்துகொண்டு வெளிநாட்டுத் தளத்தில் ஜெயித்தவர் சொந்த ஊர் நீதிமன்றத்தில் போய் நிற்க இடமே இல்லை. தளத்தின் விதிமுறைகளிலும் வழக்கு அவர்களுடைய தீவில்தான் நடக்கும் என்று எழுதியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், தோற்ற பணத்தைத் திரும்பக் கேட்க சில நாடுகளில் வழி இருக்கிறது. ஆஸ்திரியாவில், உள்நாட்டு லைசன்ஸ் இல்லாத கேசினோவோடு செய்த ஒப்பந்தம் செல்லாது, ஆகவே இழந்ததைத் திருப்பிக் கொடு என்று வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டு ஜெயித்திருக்கிறார்கள். ஜெர்மனியிலும் இதே மாதிரி நிறைய வழக்குகள். ஆனால் அந்தக் கம்பெனிகளில் பல மால்டாவில் இருக்கின்றன, மால்டா 2023-ல் ஒரு சட்டப் பிரிவைச் சேர்த்து, தன் லைசன்ஸ்காரர்கள் மீது வரும் இப்படிப்பட்ட வெளிநாட்டுத் தீர்ப்புகளை இங்கே நிறைவேற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இது இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது. எனவே இதை நம்பி வக்கீலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் வாலட்டில் தெரிகிற எண் பணம் இல்லை, கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. அந்தப் பாக்கிக்கு ஈடாக வங்கியில் பணம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் கம்பெனிகளின் தளங்களைக் கைப்பற்றியது. அதில் ஒன்றான ஃபுல் டில்ட் போக்கர், உலகம் முழுவதும் ஆடுகிறவர்களுக்குத் தர வேண்டியது ஏறக்குறைய 39 கோடி டாலர், அப்போது வங்கியில் இருந்தது 6 கோடி டாலர்தான் என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சொன்னார்கள். லட்சக்கணக்கான பேர் தினமும் திரையில் பார்த்த எண்ணுக்குப் பின்னால் பணம் இல்லை. அடுத்த வருடம் போட்டிக் கம்பெனியான போக்கர்ஸ்டார்ஸ் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டால்தான் அவர்களுக்கு விமோசனம் வந்தது, அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் பணம் வரத் தொடங்கியது 2014-ல். இன்று பிரிட்டன் லைசன்ஸ் உள்ள ஒவ்வொரு கம்பெனியும் தான் திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்பதை விதிமுறையிலேயே எழுத வேண்டும், "பாதுகாப்பு இல்லை" என்ற நிலையில் இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். படித்துப் பார்த்தால் அப்படிச் சொல்கிற கம்பெனிகளும் இருக்கின்றன.

இனி உங்கள் வித்ட்ரா. ஆவணம் கேட்பது மட்டுமே மோசடிக்கு அடையாளம் ஆகாது. திருட்டுப் பணத்தை வெள்ளையாக்க இந்தத் தளங்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை, அதனால் போட்ட வழியிலேயே பணம் திரும்பப் போக வேண்டும், கார்டில் இருக்கும் பெயரும் கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் நியாயமான விதிகள். நேரம்தான் காட்டிக்கொடுக்கும். பணம் போடும்போது எட்டு மாதமாக எதுவும் கேட்காதவர், எடுக்கும்போது மட்டும் ஒவ்வொன்றாக, ஒன்று முடிந்ததும் இன்னொன்று என்று கேட்டால், அது திட்டமிட்ட இழுத்தடிப்பு. பிரிட்டனில் 2019-ல் இதற்காகவே விதி போட்டார்கள்: ஆட விடுவதற்கு முன்பே அடையாளம் சரிபார்க்க வேண்டும், முன்பே கேட்டிருக்கக் கூடியதைப் பணம் எடுக்கும்போது நிபந்தனையாக வைக்கக் கூடாது.

இழுத்தடிப்பில் என்ன லாபம் என்று தோன்றலாம். நான் உட்கார்ந்திருந்த மேசையில் இருந்து சொல்கிறேன். காலையில் கணினியைத் திறந்தால் ஒரு நீளப் பட்டியல் இருக்கும்: பெயர், தொகை, எத்தனை மணி நேரமாகக் காத்திருக்கிறது, கணக்கு தொடங்கியதில் இருந்து மொத்தம் எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார். நிலுவையில் இருக்கும் தொகைக்குப் பக்கத்தில் வாடிக்கையாளரின் திரையில் "ரத்து செய்து ஆட்டத்துக்குத் திருப்பு" என்று ஒரு பட்டன் இருந்தது. ஒருவர் 2,400 கேட்டிருந்தார். அவருடைய முகவரிச் சான்றில் தேதி தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தோம். மறுநாள் வந்து பார்த்தால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், ராத்திரி ஒன்றே முக்காலுக்கு 400 ரத்து, இரண்டே காலுக்கு 1,000 ரத்து, மூன்றுக்கு மீதி 1,000 ரத்து, நாலரைக்குக் கணக்கில் சைபர். தேதி தெளிவில்லாத அந்தச் சான்றை நான்தான் திருப்பி அனுப்பினேன், விதிப்படிதான் அனுப்பினேன், ஆனாலும் அந்த மூன்று வரிகள் இன்னும் மறக்கவில்லை. பிரிட்டனில் அந்தப் பட்டனை 2021-ல் தடை செய்துவிட்டார்கள். மற்ற இடங்களில் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்கள் திரையிலும் இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள்.

"தடைப் பட்டியல்" என்ற வாதத்தைப் பொறுத்தவரை, நாட்டுப் பெயர் பதிவு செய்யும்போதே கேட்கப்பட்டிருக்கும், ஐபி முகவரியும் ஒவ்வொரு நாளும் அவர்களிடம் பதிவாகியிருக்கும். எட்டு மாதம் தெரிந்தே பணம் வாங்கிவிட்டு ஜெயித்ததும் நாடு ஞாபகம் வருவது நேர்மை இல்லை. தடைப்பட்ட நாடு என்றால் குறைந்தபட்சம் நீங்கள் போட்ட மொத்த டெபாசிட்டையாவது திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், இந்த வாதத்துக்கு ஓரளவு நேர்மையான கம்பெனிகள் இறங்கி வந்திருக்கின்றன. ஆனால் நீங்கள் விபிஎன் போட்டு வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டி ஆடியிருந்தால் நிலைமை மாறிவிடும், அந்த ஒரு காரணத்தையே வைத்து எல்லாவற்றையும் முடக்க அவர்களுடைய விதியில் இடம் இருக்கும், புகார் கேட்கிறவரும் அவர்கள் பக்கம்தான் சாய்வார்.

முதலில் புதிதாக ஒரு பைசா போடாதீர்கள். "வரி கட்டினால் விடுவிப்போம்", "சரிபார்ப்புக் கட்டணம் செலுத்துங்கள்" என்று கேட்டால் அது நூற்றுக்கு நூறு மோசடி, தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளாமல் முதலில் எங்களிடம் கட்டு என்று தளம் கேட்பது உண்மையான வரி இல்லை. பந்தய வரலாறு, டெபாசிட் வரலாறு, அவர்களோடு நடந்த சாட், நீங்கள் பதிவு செய்த நாளில் இருந்த விதிமுறைகள், எல்லாவற்றையும் இன்றே படம் பிடித்து வையுங்கள், கணக்கை மூடிவிட்டால் பிறகு எதுவும் கிடைக்காது. பழைய விதிமுறைப் பக்கங்கள் இணையக் காப்பகத்தில் சில நேரம் இருக்கும், தடைப் பட்டியலில் உங்கள் நாடு எப்போது சேர்ந்தது என்று அதில் தெரிந்துவிடலாம். பிறகு சாட்டில் பேசாமல் மின்னஞ்சலில் முறையான புகார், அதற்குப் பதில் வராவிட்டால் லைசன்ஸ் கொடுத்த அமைப்புக்கு. இது பலிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். உண்மையான லைசன்ஸ் இருந்தால் ஓரளவு வாய்ப்பு, போலி எண் என்றால் அநேகமாக இல்லை. புகாரை எங்காவது எழுதினீர்கள் என்றால் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஆட்கள் வருவார்கள். பணம் இழந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது, முன்பணம் கேட்கிற மீட்பாளர் எல்லாரும் இரண்டாவது திருடர்.

ஜெயிக்கிறவருக்குக் கொடுத்தால் கம்பெனிக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று கேட்டிருந்தீர்கள். சமபலமான இரண்டு பேர் மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், நியாயமான ஆட்ஸ் இரண்டு பக்கமும் 2.00. கம்பெனி 1.91 போடும். இரண்டு பக்கமும் 100, 100 என்று விழுந்தால் வந்தது 200, யார் ஜெயித்தாலும் கொடுப்பது 191, மீதி 9. அதாவது நான்கரை சதவீதம். நீங்கள் நஷ்டம் இல்லாமல் நிற்கவே நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் வருடக்கணக்காக அதைத் தாண்டி நின்றவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். ஐந்தும் ஜெயித்தால்தான் பணம் என்று ஐந்து போட்டிகளைக் கோத்துக் கட்டினால் அந்தக் கழிவும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருகும், 95.5 சதவீதம் ஐந்து முறை பெருக்கினால் 79.4. கழிவு இருபது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. கோத்துக் கட்டும் பந்தயத்தைத்தான் எந்தத் தளமும் முகப்பில் பெரிதாகப் போட்டு வைத்திருக்கும். போட்டி முடிவதற்கு முன்பே பந்தயத்தை முடித்துப் பணம் எடுக்க வரும் கேஷ் அவுட் பட்டனிலும் இதே கதை, உள்ளே போகும்போது ஒரு கழிவு, வெளியே வரும்போது இன்னொன்று.

போனஸையும் இப்படிக் கணக்குப் போடுங்கள். 100 போனஸ், அதை 35 தடவை சுற்றிய பிறகுதான் எடுக்கலாம் என்றால் மொத்தம் 3,500-க்கு ஆட வேண்டும். 96 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லாட்டில் (கேசினோ இயந்திர விளையாட்டு) அதைச் சுற்றினால் சராசரியாக 140 போகும். நூறு இனாம் வாங்க நூற்று நாற்பது செலவு.

சரி, இந்தக் கழிவையும் தாண்டி ஜெயிக்கிறவர்கள்? அவர்களை நிறுத்திவிடுவார்கள். ஆட்ஸ் மேசையில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு எண் இருக்கும், புதியவர்களுக்கு 1.00. அது 0.10 ஆனால் மற்றவர் ஆயிரம் கட்டும் இடத்தில் அவர் நூறுதான் கட்ட முடியும், 0.01 ஆனால் பத்து. யாருக்குக் குறைப்பது என்று தீர்மானிக்க நாங்கள் அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்றே முதலில் பார்க்க மாட்டோம். அவர் 2.10-க்குக் கட்டிய ஆட்டம் தொடங்கும்போது எங்கள் ஆட்ஸ் 1.95-க்கு இறங்கியிருக்கிறதா, இப்படித் திரும்பத் திரும்ப நடக்கிறதா என்று பார்ப்போம். நடந்தால் அவருக்குத் தெரியும் என்று அர்த்தம், இன்றைக்குத் தோற்றுக்கொண்டிருந்தாலும் எண் குறையும். லைசன்ஸ் உள்ள, பேர் பெற்ற தளங்களிலும் இது நடக்கிறது, பல நாடுகளில் இது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மட்டும் 2014-ல் குதிரைப் பந்தயத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு தொகை வரை பந்தயத்தை ஏற்றே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவந்தது, பிறகு வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. பெட்ஃபேர் 2000-ல் தொடங்கிய மாதிரி, ஆடுகிறவர்களே எதிரெதிராகக் கட்டி, தளம் ஜெயித்தவரிடம் கமிஷன் எடுக்கும் இடங்களில் ஜெயிக்கிறவரைத் துரத்த வேண்டிய தேவை குறைவு.

ஜெயிப்பவரை இப்படி வடிகட்டிவிட்டால் மிச்சம் இருப்பவர்களில் வருமானம் யாரிடம் இருந்து வருகிறது என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம். பிரிட்டன் பிரபுக்கள் சபையின் குழு 2020-ல் கொடுத்த அறிக்கை, தொழிலின் லாபத்தில் 60 சதவீதம், ஏற்கெனவே சூதாட்டச் சிக்கலில் இருக்கிற அல்லது விழப்போகிற 5 சதவீதம் பேரிடம் இருந்து வருகிறது என்றது. நான் பார்த்த பட்டியல்களுக்கு அது பொருந்தியது. டெலிகிராமில் இலவசமாக டிப்ஸ் தருகிறவர்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். அவர் கொடுத்த லிங்க் வழியாக நீங்கள் பதிவு செய்தால், அநேகமாக உங்கள் நஷ்டத்தில் அவருக்குப் பங்கு, நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ, நீங்கள் ஆடுகிற காலம் வரை. ஜெயிக்க வைப்பதாகச் சொல்கிறவருக்கு நீங்கள் தோற்றால்தான் வரும்படி.

இதற்கெல்லாம் தடை தீர்வா, லைசன்ஸ் தீர்வா என்று கேட்டால் என்னிடம் முழுமையான பதில் இல்லை. தடை போட்டால் தொழில் மறைந்துபோகும் என்று நான் நம்பவில்லை. 2011 வழக்கில் போக்கர் பணத்தை நகைக்கும் கோல்ஃப் பந்துக்கும் கொடுத்த பணம் மாதிரி, இல்லாத கடைகளின் பெயரில் வங்கி வழியாகக் கொண்டுபோனார்கள் என்று அரசு சொன்னது. இன்று அந்த வேலையை வாடகைக் கணக்குகளும் கிரிப்டோவும் செய்கின்றன. ஆனால் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் பொய். அமெரிக்காவில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்துவந்த 1992-ம் வருட மத்தியச் சட்டத்தை ரத்து செய்த பிறகு மாநிலம் மாநிலமாகப் பந்தயம் வந்தது, கூடவே விளையாட்டு ஒளிபரப்பு முழுக்க ஆட்ஸ் விளம்பரமும் வந்தது. என் அனுபவத்தில் உருப்படியாக வேலை செய்தவை குறிப்பான, சலிப்பூட்டுகிற விதிகள்தான்: ஜெர்மனி 2021-ல் வைத்த மாதம் 1,000 யூரோ டெபாசிட் வரம்பு, பிரிட்டன் 2020-ல் கிரெடிட் கார்டுக்குப் போட்ட தடை, ஒரே இடத்தில் பதிவு செய்தால் லைசன்ஸ் உள்ள எல்லாத் தளங்களும் உங்களைச் சேர்க்க மறுக்கும் பிரிட்டனின் கேம்ஸ்டாப், ஆஸ்திரேலியாவின் பெட்ஸ்டாப். கடன் வாங்கிய காசு உள்ளே வருவது நின்றபோது எங்கள் பட்டியலில் சில பெயர்கள் காணாமல் போனதை நானே பார்த்தேன்.

கடைசியாக, உங்கள் கேள்வியின் கீழ் வரியில் "வேறு தளத்தில் ஆடி இந்தப் பணத்தை எடுத்துவிடலாமா என்று இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். வேண்டாம். ராத்திரி ஒன்றே முக்காலுக்கு அந்த 400-ஐ ரத்து செய்தவரும் கிட்டத்தட்ட இதையேதான் நினைத்திருப்பார். இந்த வாரம் முழுக்க எந்தத் தளத்திலும் பணம் போடாமல் இருங்கள், வீட்டில் யாராவது ஒருவரிடம் தொகை எவ்வளவு என்று உண்மையாகச் சொல்லிவிடுங்கள், உங்கள் நாட்டில் இதற்கான உதவி எண் இருந்தால் கூப்பிடுங்கள், அதற்குப் பெரிய பிரச்சினை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் நீங்கள் இருக்கும் நாடு, கணக்குத் தொடங்கிய மாதம், தடைப் பட்டியலைப் பற்றி அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலின் சரியான வாசகம், இந்த மூன்றையும் இங்கே போடுங்கள், பெயரும் கணக்கு எண்ணும் மட்டும் வேண்டாம். புகார்க் கடிதத்தில் எந்த வரியை முதலில் வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.